இலக்கியக் கேள்வி–பதில்: அணிக்குப் பெயர் சொன்ன பிறகு

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை. எல்லாமே ஏதோ ஒரு வகையில் அணி இலக்கணத்தைப் பற்றியவை. பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், போட்டித்தேர்வுக்குப் படிப்பவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருள் என்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: உவமை, உருவகம் இரண்டையும் எத்தனை முறை நடத்தினாலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள். ‘மலரடி’யை உருவகம் என்கிறார்கள், ‘அடிமல’ரை உவமை என்கிறார்கள். சுலபமான வழி உண்டா?
— தமிழாசிரியை, பென்னாகரம்

விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘மலரடி’ விரிந்தால் மலர் போன்ற அடி. உவமை முன்னால், பொருள் பின்னால், நடுவில் ‘போன்ற’ மறைந்திருக்கிறது. ஆகவே உவமைத்தொகை. ‘அடிமலர்’ விரிந்தால் அடியாகிய மலர். பொருள் முன்னால் வந்து, உவமையோடு ஒன்றாகிவிட்டது. ஆகவே உருவகம். தேன்தமிழ், தமிழ்த்தேன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் வரிசை மாறுவதைக் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள்.

இந்தச் சோதனை ஓரிடத்தில் ஏமாற்றும். ‘சாரைப்பாம்பு’, ‘மாமரம்’ இவற்றையும் ‘ஆகிய’ போட்டு விரிக்கலாம். அதைப் பார்த்து உருவகம் என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. சாரை உண்மையிலேயே பாம்புதான், மா உண்மையிலேயே மரந்தான். அது இருபெயரொட்டுப் பண்புத்தொகை. அடி உண்மையில் மலர் அல்ல. “இது நிஜமாகவே அதுதானா?” என்ற இரண்டாவது கேள்வியையும் சேர்த்துப் பழக்கினால் குழப்பம் தீரும்.

அதன் பிறகு உவமையின் நான்கு உறுப்புகளுக்கு வாருங்கள்: பொருள், உவமை, பொதுத்தன்மை, உவம உருபு. உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புளி நன்றாகத் தெரியும். ‘புளியம்பழமும் ஓடும் போல’ என்ற வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள், உலகில் இருந்தும் பற்றில்லாத மனிதர். உவமை, புளியம்பழமும் ஓடும். உருபு, போல. பொதுத்தன்மை சொல்லப்படவில்லை, அதைப் பிள்ளைகள்தான் கண்டுபிடிக்க வேண்டும்: ஒன்றுக்குள் ஒன்று இருந்தும் ஒட்டாமை. இங்கே நிறுத்திவிடாமல், ஏன் புளியங்காய் என்று சொல்லவில்லை என்று கேளுங்கள். காயில் ஓடு சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பழுத்தால்தான் விடும். அப்படியானால் அந்த உவமை பற்றின்மையோடு பக்குவத்தையும் சேர்த்தே சொல்கிறது. உறுப்புகளைப் பிரித்த கையோடு இப்படி ஒரு கேள்வி கேட்கப் பழகாவிட்டால் அணி என்பது வெறும் பெயர்ப்பட்டியலாகத்தான் மனத்தில் நிற்கும்.

கேள்வி: அதியமானை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்களைப் பற்றிக் கருத்தரங்கில் கட்டுரை படிக்க வேண்டும். எங்கள் ஊர்த் தலைவன் என்பதால் ஆர்வம் அதிகம். ஆனால் ‘இதில் உவமையணி வந்துள்ளது’ என்பதற்கு மேல் எழுத வரவில்லை. எப்படி ஆராய்வது?
— முதுகலைத் தமிழ் மாணவர், தருமபுரி

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். அதியமான் ஆண்ட அன்றைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. அந்தப் பாடல்களில் அணி ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது. அந்த வேலை என்ன என்று கேட்பதுதான் ஆராய்ச்சி. மூன்று பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு செய்து காட்டுகிறோம்.

முதலில் 87ஆம் பாட்டு. மொத்தமே நான்கு அடி.

களம்புகல் ஓம்புமின் தெவ்விர் போரெதிர்ந்து
எம்முளும் உளனொரு பொருநன் வைகல்
எண்தேர் செய்யும் தச்சன்
திங்கள் வலித்த காலன் னோனே

இங்கே பலர் தடுக்கி விழுவது கடைசி அடியில். சீர் பிரித்து அச்சிடும்போது ‘காலன் னோனே’ என்று வருகிறது. அதைப் பார்த்து ‘எமனைப் போன்றவன்’ என்று பொருள் எழுதிவிடுகிறார்கள். சொல் பிரிக்க வேண்டியது கால் + அன்னோன். கால் என்றால் இங்கே தேர்ச்சக்கரம். ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் எங்கள் வீரன். பழம்பாடலை ஆராயுமுன் சீர் பிரிப்பு வேறு, சொல் பிரிப்பு வேறு என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இங்கே தவறினால் மேலே எழுதுவது அத்தனையும் தவறு.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 8 தேர், 30 நாள் என்றால் 240 தேர். அவ்வளவு கைத்திறனும் காலமும் ஒரு சக்கரத்துக்குள் போயிருக்கிறது. புலி, சிங்கம், இடி என்று பகைவரை மிரட்டுவதற்குப் பழகிய உவமைகள் கைவசம் இருந்தும் ஔவையார் தச்சுப் பட்டறைக்குப் போகிறார். உவமம் தோன்றும் வழி நான்கு என்கிறது தொல்காப்பிய உவமவியல்: வினை, பயன், மெய், உரு. புலிபோலப் பாய்ந்தான் என்றால் வினை. மாரி அன்ன வண்கை என்றால் பயன். துடி அன்ன இடை என்றால் மெய், அதாவது வடிவம். பவளம் போன்ற வாய் என்றால் உரு, அதாவது நிறம். இந்த நான்கையும் இப்பாட்டின்மேல் வைத்துப் பாருங்கள். நிறமும் வடிவமும் நிச்சயமாக இல்லை. சக்கரத்தின் உறுதியும் அது செய்யப்போகும் வேலையுமே ஒப்பு. எது ஒப்பாகவில்லை என்று காட்டுவதும் ஆராய்ச்சியில் ஒரு பகுதி, அதையும் எழுதுங்கள். இன்னொன்று: நான்கு அடியிலும் அதியமான் பெயர் கிடையாது. பாட்டின் கீழுள்ள குறிப்பிலிருந்துதான் நமக்கு அது தெரிகிறது. பெயர் சொல்லாத ‘ஒரு பொருநன்’ என்ற சொல் பகைவனுக்கு எவ்வளவு அச்சம் தரும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து 94. ஊர்ச் சிறுவர்கள் தன் வெண்ணிறத் தந்தங்களைக் கழுவ, நீர்த்துறையில் படிந்து கிடக்கும் பெரிய களிறு போல எமக்கு இனியவன். ‘மற்றதன் துன்னருங் கடாஅம் போல’, அதே யானையின் நெருங்க முடியாத மதம் போலப் பகைவர்க்கு இன்னாதவன். இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘அதன்’. நல்லதற்கு ஒரு விலங்கு, கெட்டதற்கு வேறொரு விலங்கு என்று இரண்டு உவமை தேடவில்லை. யானை ஒன்றுதான், நிலை இரண்டு. 87இல் பொதுத்தன்மை சொல்லப்படவில்லை, இங்கே ‘இனியை’, ‘இன்னாய்’ என்று வெளிப்படையாகவே வருகிறது. இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வைத்து, ஓரிடத்தில் மறைத்ததற்கும் மற்றோரிடத்தில் வெளிப்படுத்தியதற்கும் காரணம் தேடினாலே கட்டுரையின் நடுப்பகுதி கிடைத்துவிடும். ஒன்று பகைவரைப் பார்த்துச் சொல்வது, மற்றது அரசனையே முன்னிலைப்படுத்திச் சொல்வது என்பதிலிருந்து தொடங்கலாம்.

மூன்றாவது 95. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையாருக்குப் பகையரசன் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது பாடியது. புகழ்வது போலப் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சி என்று எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் எழுத வேண்டியது, எந்தச் சொற்கள் அதைச் செய்கின்றன என்பது. ‘இவ்வே’ என்று தொண்டைமானின் வேல்களைக் காட்டித் தொடங்குகிறார். அவற்றுக்குச் சொல்வதெல்லாம் அலங்காரம்: பீலி, மாலை, திருத்திய காம்பு, பூசிய நெய். அவை இருக்குமிடம் ‘கடியுடை வியன்நகர்’, காவலுள்ள பெரிய மாளிகை. ‘அவ்வே’ என்று அதியமானின் வேல்களுக்கு மாறியதும் அலங்காரம் ஒன்றுகூட இல்லை. பகைவரைக் குத்திக் குத்தி விளிம்பும் நுனியும் சிதைந்து, ‘கொல்துறைக் குற்றில’, கொல்லனின் சின்னப் பட்டறையில் கிடக்கின்றன. வியன்நகர், குற்றில் என்ற முரணில்தான் புகழும் பழியும் இடம் மாறுகின்றன. ‘வேலே’ என்ற எழுவாயைப் பாட்டின் கடைசிச் சொல்லாக நிறுத்தியிருப்பதையும், இடையில் ‘உண்டாயின் பதம்கொடுத்து இல்லாயின் உடன்உண்ணும்’ என்று அரசனின் ஈகையைப் புகுத்தியிருப்பதையும் விடாதீர்கள். நுதி சிதைந்த வேல் என்று தொடங்கியதைக் கடைசியில் ‘வைந்நுதி வேல்’, கூரிய நுனியுள்ள வேல் என்கிறார். பட்டறையிலிருந்து அது திரும்பி வரும் என்ற எச்சரிக்கையாகவே நாங்கள் அதைப் படிக்கிறோம்.

அணிப்பட்டியலுக்குள் அடங்காத உத்தியும் உண்டு. அதியமான் இறந்தபின் பாடிய 235ஆம் பாட்டில் ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’ என்று தொடங்கி ‘மன்னே’ திரும்பத் திரும்ப வருகிறது. மன் என்ற இடைச்சொல் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்ற மூன்று பொருளில் வரும் என்பது தொல்காப்பியம். இங்கே கழிவு. கொஞ்சம் கள் கிடைத்தால் எமக்கே தருவான், அது போயிற்று. ஒரு சின்ன இடைச்சொல் முழுப் புலம்பலையும் தாங்கி நிற்கிறது. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள். எதுகை மோனை அவர்கள் காதில் விழவே இல்லை. என்ன செய்யலாம்?
— பட்டதாரி ஆசிரியர், ஓசூர்

அவர்கள் வீட்டுமொழி இங்கே உங்களுக்குத் துணை. தெலுங்குச் செய்யுளில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்து வருவதைப் பிராச என்பார்கள். பழைய கன்னடச் செய்யுளிலும் அதே வழக்கம். நம் அடியெதுகையும் இரண்டாம் எழுத்துத்தான். தெலுங்கில் அடியின் முதலெழுத்தோடு, நடுவில் குறித்த இடத்திலுள்ள எழுத்து ஒத்து வருவது யதி. அது மோனைக்கு நெருங்கிய உறவு. வீட்டில் யாருக்காவது பழைய பத்தியம், அதாவது செய்யுள், தெரிந்தால் ஒன்றைச் சொல்லிக் கேட்டுவரச் சொல்லுங்கள். அதில் இரண்டாம் எழுத்தைக் கண்டுபிடித்த பிள்ளை குறளிலும் கண்டுபிடிக்கும்.

பிறகு வாய்விட்டுப் படிக்கட்டும். ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக.’ முதல் அடியின் நான்கு சீரும் ககரத்தில் தொடங்குவதால் முற்றுமோனை. கற்க, நிற்க என்று இரண்டடியின் இரண்டாம் எழுத்தும் ற் என்பதால் அடியெதுகை. முதல் இரண்டு சீரில் மோனை வந்தால் இணை, 1-3 பொழிப்பு, 1-4 ஒரூஉ, 1-2-3 கூழை, 1-3-4 மேற்கதுவாய், 1-2-4 கீழ்க்கதுவாய். எதுகைக்கும் இதே கணக்குத்தான். விரலில் எண்ணிப் பழக்கினால் இரண்டு வகுப்பில் வந்துவிடும்.

தவறு வருவது மூன்று இடத்தில். ஒன்று, எதுகையில் முதலெழுத்தின் அளவு ஒத்திருக்க வேண்டும். பட்டு, கட்டு சரி. பட்டு, பாட்டு எதுகை ஆகாது, குறிலுக்கு நெடில் வந்துவிட்டது. இரண்டு, மோனைக்கு அதே எழுத்துத்தான் வர வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அ ஆ ஐ ஔ ஓர் இனம், இ ஈ எ ஏ ஓர் இனம், உ ஊ ஒ ஓ ஓர் இனம். மெய்யில் ச-த, ந-ஞ, ம-வ ஒன்றுக்கொன்று மோனை. ‘தொட்டனைத் தூறும்’ என்பதில் தொ, தூ மோனை ஆவது அப்படித்தான். மூன்று, எல்லாக் குறளிலும் தெளிவான எதுகை இருக்கும் என்று எதிர்பார்ப்பது. அதே குறளில் தொட்டனை, கற்றனை இரண்டிலும் இரண்டாம் எழுத்து ட், ற். ஒரே எழுத்தல்ல. இரண்டும் வல்லினம் என்பதால் இனவெதுகை என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

கேள்வி: பின்வருநிலையணி மூன்று வகையில் எப்போதும் மதிப்பெண் போகிறது.
— போட்டித்தேர்வு எழுதுபவர், அரூர்

திரும்ப வரும் சொல் ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் பொருளை எழுதுங்கள். எழுதாமல் விடை குறிக்காதீர்கள். சொல் ஒன்று, பொருள் வேறு என்றால் சொற்பின்வருநிலை. சொல் வேறு, பொருள் ஒன்று என்றால் பொருள் பின்வருநிலை. இரண்டும் ஒன்றே என்றால் சொற்பொருள் பின்வருநிலை.

‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் துப்பாய தூஉம் மழை’: உண்பவர், நல்ல, உணவு என்று துப்புக்குப் பொருள் மாறுகிறது. சொற்பின்வருநிலை. ‘சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை’: எங்கும் சொல் என்றால் சொல்தான். சொற்பொருள். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் காட்டும் ‘அவிழ்ந்தன தோன்றி அலர்ந்தன காயா’ என்ற வெண்பாவில் அவிழ்ந்தன, அலர்ந்தன, நெகிழ்ந்தன, விண்டன, விரிந்த என எல்லாம் மலர்தலையே சொல்கின்றன. பொருள் பின்வருநிலை.

சிக்கலானது ‘தீயவை தீய பயத்தலால் தீயவை தீயினும் அஞ்சப் படும்.’ முதல் மூன்று இடத்திலும் தீமை, கடைசியில் நெருப்பு. மூன்று இடம் ஒரே பொருளில் வருவதால் சொற்பொருள் பின்வருநிலை என்று குறியுங்கள். ஆனால் விளக்கம் எழுதும் தேர்வு என்றால் நான்காவது வேறு என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் குறளின் வலுவே அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: குறுந்தொகையில் ஒரு மாம்பழப் பாட்டில் உள்ளுறை உவமம் இருப்பதாகச் சொல்கிறார்கள். படித்தால் மாம்பழமும் மீனும்தான் தெரிகிறது.
— வாசகர், கிருஷ்ணகிரி

எட்டாம் பாட்டைச் சொல்கிறீர்கள், ஆலங்குடி வங்கனார் பாடியது. ‘கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் / பழன வாளை கதூஉம் ஊரன்.’ வயலோர மாமரத்தில் விளைந்து, தானாக உதிரும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரை உடையவன். பேசுகிறவள் பரத்தை. தன்னைப் பற்றித் தலைவி பழித்துப் பேசினாள் என்று கேட்டுத் தலைவியின் ஆட்கள் காதில் விழும்படிச் சொல்கிறாள்.

மாந்தோப்புப் பழக்கம் உள்ளவருக்கு ‘உகு’ என்ற சொல் உடனே பிடிபடும். பறித்த பழமல்ல, அலக்கு வைத்துத் தட்டிய பழமுமல்ல. முற்றிப் பழுத்துத் தானே விழுந்தது. மீன் மரம் ஏறவில்லை, வாயைத் திறந்தது, அவ்வளவே. அப்படியானால் தலைவன் தானாக வந்தான், நான் தேடிப்போய் இழுக்கவில்லை என்பது உள்ளே நிற்கும் பொருள். போல, அன்ன என்ற உருபு எதுவும் கிடையாது. ‘ஊரன்’ என்ற பெயருக்கு அடைமொழி போல வந்து, சத்தமில்லாமல் வழக்கையே வாதாடிவிடுகிறது. உள்ளுறை, தெய்வம் நீங்கலான கருப்பொருள்களில்தான் தோன்றும் என்று தொல்காப்பியம் சொல்வதற்கும் இது பொருந்தும்: மரம், மீன், வயல்.

அதே பாட்டில் வெளிப்படை உவமையும் இருக்கிறது. எங்கள் வீட்டில் பெருமொழி பேசியவன், தன் வீட்டில் ‘கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல’, கண்ணாடியில் தெரியும் உருவம் போல, மகனின் தாய், அதாவது தலைவி, விரும்பியதையெல்லாம் செய்கிறான். தன் நிலையைச் சொல்லும்போது உள்ளுறை, அவனைக் குத்தும்போது வெளிப்படை. அந்த வேறுபாட்டைப் பார்க்காமல் இரண்டையும் ‘உவமை’ என்று ஒரே கூடையில் போட்டால் பாட்டில் பாதி போய்விடும்.

கேள்வி: ‘போல்’ என்று வந்தால் உவமையணிதானே? சிலப்பதிகாரத்தில் கொடி கை காட்டும் இடத்தை ஏன் தற்குறிப்பேற்றம் என்கிறார்கள்?
— பிளஸ் டூ மாணவி, பாலக்கோடு

இல்லை, உருபைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி / வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட.’ மதுரை மதில்மேல் கொடி காற்றில் ஆடுகிறது. அது இயற்கை. கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று தடுக்கிறது என்பது புலவர் தாமாக ஏற்றிய காரணம். இயல்பான நிகழ்ச்சி ஒன்று, அதன்மேல் ஏற்றிய குறிப்பு ஒன்று. விடையில் இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள். அணி விளக்கம், சான்று, பாடற்பொருள், அணிப்பொருத்தம் என்ற வரிசையில் அணிப்பொருத்தத்துக்கு உரிய மதிப்பெண் இந்த இரண்டு வாக்கியத்தில்தான் இருக்கிறது.

சற்று முன்னால் திருப்பிப் பாருங்கள். அதே காதையில் வையை ஆறு ‘தையற்கு உறுவது தான்அறிந் தனள்போல்’ மலராடை போர்த்து, கண்ணிறைந்த நீரை மறைத்து அடக்கிக்கொண்டு போகிறாள். ஆற்றில் பூ மிதப்பது இயற்கை, அழுகையை மறைப்பது ஏற்றியது. முதலில் ஆறு அழுகிறது, பிறகு கொடி தடுக்கிறது. நகருக்குள் நுழையுமுன்பே இரண்டு எச்சரிக்கை. அவர்கள் இருவரும் எதையும் கவனிக்கவில்லை, படிக்கிறவருக்கு மட்டும் தெரிகிறது.

கேள்வி: புதுக்கவிதைக்கும் தண்டியலங்காரத்தைக் கொண்டு அணி சொல்லலாமா?
— வாசகர், ஊத்தங்கரை

உவமை, உருவகம், முரண் வரைக்கும் தாராளமாகச் சொல்லலாம். அதற்கு மேல் படிமம், குறியீடு, தொன்மம், அங்கதம் என்ற சொற்களே பொருந்தும். தண்டியலங்காரத்தின் 35 பொருளணிகளில் ஏதோ ஒன்றுக்குள் இன்றைய கவிதையைத் திணிப்பதால் பயனில்லை. ஒரு பொருள் கவிதையில் ஒருமுறை காட்சியாக வந்தால் படிமம். திரும்பத் திரும்ப வந்து வேறொன்றைக் குறிக்கத் தொடங்கினால் குறியீடு. இந்த வேறுபாடு பிடிபட்டால் பெரும்பாலான கவிதைகளுக்குப் போதும்.

கேள்வி: இவற்றையெல்லாம் சொந்தமாக ஆராய எந்த உரைகளைப் பார்ப்பது?
— நூலகர், காரிமங்கலம்

குறளுக்குப் பரிமேலழகர். தொல்காப்பிய உவமவியலுக்கு இளம்பூரணரும் பேராசிரியரும், இருவரையும் சேர்த்து. புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894இல் பழைய உரையோடு பதிப்பித்தார். அந்தப் பழைய உரை 266ஆம் பாட்டு வரைதான் கிடைத்திருக்கிறது. மேலே சொன்ன 87, 94, 95, 235 நான்குக்கும் உண்டு. அதியமானை ‘இல்லிறைச் செரீஇய ஞெலிகோல் போல’, கூரை இறப்பில் செருகிய தீக்கடைகோல் போலத் தோன்றாமலும் இருப்பான் என்று ஔவையார் பாடும் 315ஆம் பாட்டுக்குக் கிடையாது. அதற்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் உரையை வாங்கி வையுங்கள். முதலில் மூலத்தை மட்டும் படித்து உறுப்புகளைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு உரையைத் திறக்கும்படி உங்கள் வாசகர்களிடம் சொல்லுங்கள்.